அலமாரியில் வைத்த போன்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது நடந்தது. யாருக்கு நடந்ததோ, அவர் இன்றும் வேலைக்குப் போய் வந்துகொண்டுதான் இருக்கிறார். என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னார். மறுபடி கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்.

பேய்க்கதை என்றால் நடுராத்திரி வேண்டும், மழை வேண்டும், சரியான நேரத்தில் கரண்ட் போக வேண்டும். இதில் அந்தச் சமாசாரம் எதுவும் கிடையாது. எல்லாம் காலை வெளிச்சத்தில், மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போது நடந்தது. எனக்குப் பயமே அதுதான்.

அவர் லிப்ட் மெக்கானிக். ஐம்பதைத் தொடப்போகும் ஒண்டிக்கட்டை. வேறு ஊரில் ஓர் அக்கா உண்டு. வருஷத்துக்கு இரண்டு முறை பேசினால் அதிகம். ராத்திரி முழுக்க பெரிய கட்டடங்களில் பராமரிப்பு வேலை, விடிந்ததும் அறைக்கு வந்து தூக்கம். தூக்கம் என்றால் நிம்மதியான தூக்கம் இல்லை. பகலில் அந்தப் பக்கத்தில் எந்த லிப்டாவது நடுவில் நின்று, ஆள் உள்ளே மாட்டிக்கொண்டால், அழைப்பு அவருக்குத்தான் வரும். உடனே எழுந்து ஓட வேண்டும்.

இதற்காக அவர் ஒரு பழக்கம் வைத்திருந்தார். தலைமாட்டில் போன் இருந்தால் தூக்கக் கலக்கத்தில் கை தானாகப் போய் அணைத்துவிடும். அதனால் கை எட்டாத இடத்தில் வைப்பார். எழுந்து நடந்தால்தான் எடுக்க முடியும். நடந்தால் தூக்கம் கலைந்துவிடும்.

இரண்டு மாதத்துக்கு முன் ஓர் ஒற்றை அறைக்குக் குடிவந்தார். மூன்றாவது மாடி. ஒரு கட்டில். எதிர்ச்சுவரில் உயரமான அலமாரி, அதன் பக்கத்திலேயே அந்த அறையின் ஒரே ப்ளக். அலமாரிக்கு நேர் எதிரே, மறுகோடியில், பாத்ரூம் கதவும் வெளிக்கதவும் அடுத்தடுத்து. வெள்ளை டைல் தரை. நடுவில் ஒரு டைல் மட்டும் குறுக்கே விரிசல் விட்டிருந்தது. வந்ததும் போனை முழுக்கச் சார்ஜ் ஏற்றுவார். பிறகு அலமாரித் தட்டில், திரை அறையைப் பார்க்கும்படி சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் படுப்பார்.

எழுந்து பார்த்தால் போன் செத்துக் கிடக்கும்.

ஒரு நாள், இரண்டு நாள் என்றால் பரவாயில்லை. தினமும். தொடாத போன், யாரும் கூப்பிடாத போன், மதியத்துக்குள் நூறிலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கியது. சார்ஜிலேயே விட்டுப் பார்த்தார். இஸ்திரிப் பெட்டி மாதிரி சுட்டு, சார்ஜ் ஏறுவதைத் தானாகவே நிறுத்திக்கொண்டது.

இந்த லட்சணத்தில் ஒரு நாள், ஒரு பெரியவர் லிப்டில் ஒன்றரை மணி நேரம் மாட்டிக்கொண்டார். கம்பெனியிலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்தார்கள். கடைசியில் வேறு ஆள் போய்க் கதவைத் திறந்தார்.

சாயங்காலம் சூப்பர்வைசர் சத்தமே போடவில்லை.

"இன்னொரு தடவ ஸ்விட்ச் ஆஃப்னு வந்துச்சுன்னா, நீங்க பகல்லயும் தூங்கலாம், ராத்திரியும் தூங்கலாம். புரியுதா?"

புரிந்தது. ஆனால் வேலை போய்விடும் என்பதைவிட அந்தப் பெரியவர்தான் அவர் மனதை அரித்தார். லிப்டில் மாட்டியவரைப் பயமுறுத்துவது இருட்டோ உயரமோ இல்லை, நாம் இங்கே கிடப்பது யாருக்கும் தெரியாதோ என்கிற நினைப்புதான். அதனால் இவர் போனதும் கருவியைத் தொடுவதற்கு முன்னால் கதவு இடுக்கில் வாயை வைத்து, "பயப்படாதீங்க, நான் வந்துட்டேன், இங்கயேதான் இருக்கேன்" என்பார். அன்று அதைச் சொல்ல அவர் அங்கே இல்லை.

செல்போன் கடைக்காரரிடம் போனார். வாயும் கையும் ஓயாத மனிதர். பேட்டரியை மாற்றினார். பின்னால் ஓடும் ஆப்களை எல்லாம் மூடினார். லொக்கேஷனை அணைத்தார். ஒன்றுக்கும் மசியவில்லை. வார விடுமுறையன்று போனைக் கடையிலேயே விட்டுப் போகச் சொன்னார்.

மறுநாள் காலை கடைக்காரர் போனைத் திருப்பிக் கொடுத்தபோது முகத்தில் குழப்பம் இருந்தது.

"நேத்து முழுக்க டேபிள்ல சும்மா கெடந்துச்சு. ரெண்டே ரெண்டு பெர்சென்ட்தான் எறங்கிருக்கு. இங்க சமத்தாத்தான் இருக்கு. உங்க ரூமுக்கு வந்தாதான் ஆடுது."

"ரூம்ல அப்படி என்ன இருக்கு?"

கடைக்காரர் போனுக்குள் எங்கோ தோண்டி ஒரு பக்கத்தைக் காட்டினார். பிராசசர், அதாவது போனின் மூளை, எதற்காக உழைத்தது என்ற கணக்கு. போன் சும்மா இருந்த நேரத்தில், எல்லாவற்றுக்கும் மேலே, முன் கேமரா.

"ஒரு வசதி இருக்கு. நீங்க திரையப் பாத்துட்டு இருக்கிறவரைக்கும் லைட் அணையாது. கேமரா அப்பப்ப எட்டிப் பாக்கும். முகம் தெரிஞ்சா அணைக்காது, தெரியலன்னா அணைச்சிடும். உங்க ரூம்ல அது ஓயாம எதையோ பாத்துக்கிட்டு இருக்கு. சுவத்துல படம், காலண்டர் எதுவும் மாட்டிருக்கீங்களா? படத்துல இருக்கிற மூஞ்சியக்கூட ஆளுன்னு நெனச்சுக்கும்."

"ஒண்ணும் மாட்டல."

"அப்ப விடுங்க. இந்த வசதிய ஆஃப் பண்ணிடறேன். பிரச்சினை தீந்துச்சு."

அங்கேயே தீர்ந்திருக்கும். ஆனால் நம் ஆள் லிப்ட்காரர். லிப்ட் கதவு மூட மாட்டேன் என்று அடம்பிடித்தால் சென்சாரைப் பிடுங்கிப் போட மாட்டார்கள். கதவுக்குக் குறுக்கே யார் நிற்கிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். முப்பது வருஷப் பழக்கம்.

"இன்னிக்கு மட்டும் அப்படியே இருக்கட்டும்" என்று வாங்கிக்கொண்டு வந்தார்.

அறைக்கு வந்தபோது பத்து மணி இருக்கும். திரைச்சீலையை விலக்கினார். வெயில் கட்டில்வரை விழுந்தது. போனை வழக்கமான இடத்தில் சாய்த்து வைத்துவிட்டு, கேமராவின் கண்ணில் படாமல் அலமாரிக்குப் பக்கவாட்டில் ஒதுங்கி நின்றார். முகம் தெரியாவிட்டால் அரை நிமிஷத்தில் திரை அணைய வேண்டும்.

ஒரு நிமிஷம் ஆனது. இரண்டு... மூன்று...

அணையவில்லை.

முன் கேமராவின் மேல் விரலை வைத்து மூடினார். அரை நிமிஷத்தில் அணைந்தது. திரையைத் தட்டி எழுப்பி, விரலை எடுத்தார்.

அணையவில்லை.

ஜன்னலுக்கு வெளியே எங்கோ ஒரு குக்கர் விசில் அடித்தது. பக்கத்து வீட்டில் யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தங்கள் இருந்ததால்தான் தைரியமாக அடுத்த காரியத்தைச் செய்தேன் என்றார்.

போனைக் கையில் எடுத்து, பின் கேமராவைத் திறந்தார். போன் கேமரா முகத்தைக் கண்டால் அதைச் சுற்றி மஞ்சள் கட்டம் ஒன்று போடும், எல்லாரும் பார்த்திருப்போம். அறையை மெதுவாகத் துழாவினார். கட்டில்... ஒன்றுமில்லை. ஜன்னல்... ஒன்றுமில்லை. வெளிக்கதவு... இல்லை. பாத்ரூம் கதவு... இல்லை.

போனைக் கொஞ்சம் கீழே இறக்கினார்.

கட்டம் வந்தது.

பாத்ரூம் வாசலில். தரையோடு தரையாக. வெறும் வெள்ளை டைலைச் சுற்றி ஒரு சின்ன மஞ்சள் கட்டம்.

போனை விலக்கி வெறும் கண்ணால் பார்த்தார். தரை மட்டும்தான் இருந்தது. திரையில் பார்த்தார். கட்டம்.

கேமரா பழுது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார். தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை.

அப்போதுதான் கவனித்தார். கட்டம் முன்பைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

முகம் கிட்டே வந்தால்தான் கட்டம் பெரிதாகும்.

அவர் அசையவில்லை. கட்டம் அசைந்தது. ஒரு துளி முன்னால் வரும். நிற்கும். ரொம்ப நேரம் நிற்கும். மறுபடி ஒரு துளி...

சர்ர்ர்...

டைலில் துணி இழுபடும் சத்தம். பக்கத்து வீட்டுத் துணி இல்லை. இது அறைக்குள்.

வெளிக்கதவு அந்தப் பக்கம். அவர் இந்தப் பக்கம்.

சர்ர்ர்...

விரிசல் விட்ட டைல்வரை வந்தது.

நின்றது.

காத்திருந்தார். அதற்கு மேல் வரவில்லை. கட்டம் மட்டும் லேசாக மேலே தூக்கி, இறங்கி, மறுபடி தூக்கியது. கழுத்து வலிக்க வலிக்க யாரோ நிமிர்ந்து பார்ப்பது போல. அவரைப் பார்க்கவில்லை.

கையிலிருந்த போனை.

ஓட வேண்டும் என்று நினைத்தார். ஆனால் வாய் முப்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பழகியதைத் தானாகச் சொன்னது.

"பயப்படாதீங்க... நான் வந்துட்டேன்... இங்கயேதான் இருக்கேன்."

கட்டம் நடுங்கியது.

ஏன் செய்தார் என்று அவருக்கே தெரியாது. குனிந்தார். போனைத் தரையில் வைத்து, விரிசல் விட்ட டைலை நோக்கித் தள்ளினார். சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நகர்ந்து, கதவைத் திறந்து, படியில் இறங்கி ஓடினார்.

கீழே முதல் படியில் உட்கார்ந்தார். செருப்புகூட இல்லை. மேலே போன ஒரு அம்மா, "சாவிய விட்டுட்டீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினார்.

நடுப்பகலுக்கு மேல்தான் திரும்பினார். போன் தள்ளிவிட்ட இடத்திலேயே, அந்த டைலருகே இருந்தது. திரை அணைந்திருந்தது. கேமராவை மூடாமல், அந்த அறையில் முதல் முறையாக.

எடுத்துப் பார்த்தார். காலையில் விட்டதிலிருந்து சார்ஜ் கொஞ்சம்தான் குறைந்திருந்தது. அழைப்புப் பட்டியலில் ஒரே ஒரு புது எண். இந்தப் போனிலிருந்து போன அழைப்பு. பதினோரு நிமிஷம். திரை அணையாத போனில் பூட்டும் விழுந்திருக்காது. யார் வேண்டுமானாலும் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் யார்?

அந்த எண்ணை அழுத்தினார். உடனே எடுத்தார்கள். ஓர் ஆண் குரல்.

"யாருங்க நீங்க? காலைல கூப்பிட்டீங்க, ஒரு வார்த்தகூடப் பேசல."

"பேசலன்னா... நீங்க ஏன் வைக்கல?"

அந்த ஆள் குரலைத் தாழ்த்தினார்.

"மூச்சு வாங்குற சத்தம் கேட்டுச்சு. இழுத்து இழுத்து. எங்க அப்பாவுக்கு அப்படித்தான் இருக்கும். வைக்க மனசு வரல."

லிப்ட்காரர் தான் இருக்கும் இடத்தைச் சொன்னார். தெரு, கட்டடம், மூன்றாவது மாடி. மறுமுனையில் இருந்தவர் முகவரியை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"அது எங்க அப்பா இருந்த ரூம். தனியாத்தான் இருந்தாரு. பாத்ரூம் வாசல்ல வழுக்கி விழுந்துட்டாரு. இடுப்பு எலும்பு போயிடுச்சு. மூணு நாள் கழிச்சுத்தான் கதவ ஒடச்சாங்க."

"போன்..."

"அலமாரில இருந்துச்சு. சார்ஜ்ல. ப்ளக் அங்க ஒண்ணுதானே. அத எடுக்கத் தவழ்ந்து வந்திருக்காரு. பாதி தூரம்."

லிப்ட்காரர் கேட்க விரும்பவில்லை. ஆனாலும் கேட்டார்.

"எதுவரைக்கும்?"

"ஒரு டைல் விரிசல் விட்டிருக்கும். அதுக்கு மேல முடியல. தலையத் தூக்கி அலமாரியவே பாத்த மாதிரி இருந்தாரு." ஒரு பெருமூச்சு. "போன எடுத்துப் பாத்தேன். ஃபுல் சார்ஜ். மூணு நாள்ல ஒரு மிஸ்டு கால்கூட இல்ல. நானும் கூப்பிடல."

பிறகு அந்த மகன்தான் கேட்டார்.

"இந்த நம்பர் உங்களுக்கு எப்படிக் கெடச்சுது?"

"ஏன்?"

"இந்த நம்பரே நேத்துதான் வாங்குனேன். இன்னும் யாருக்குமே குடுக்கல."

அன்றோடு சார்ஜ் இறங்குவது நின்றுவிட்டது. அந்த வசதியை அவர் அணைக்கவேயில்லை. திரை தானாக அரை நிமிஷத்தில் அணைகிறது. பின்னொரு நாள் கேமராவைத் திறந்து தரையைத் துழாவினாராம். கட்டம் வரவில்லை. பயந்தது உண்மைதான், ஆனால் அன்றைக்கு அறை என்றைக்கும் இல்லாத அளவுக்கு வெறுமையாக இருந்தது என்றார்.

இப்போதும் அங்கேதான் குடியிருக்கிறார். கம்பெனியைத் தவிர அவர் எண்ணுக்கு யாரும் கூப்பிடுவதில்லை. நீளமான சார்ஜர் ஒயர் ஒன்று வாங்கியிருக்கிறார். தூங்கும்போது போனை அலமாரியில் வைப்பதில்லை. தரையில், விழுந்தாலும் கை எட்டுகிற இடத்தில் வைக்கிறார்.