ஏழு மணிப் பெரட்டும் ஒரு கல்யாண ரவிக்கையும்

முதல் நாள் வேலைக்குப் போகும்போது நான் பின்வாசல் வழியாக வெளியே போய், வீட்டைச் சுற்றி நடந்து, முன்வாசல் வழியாக உள்ளே வந்தேன். வேலை இடம் எங்கள் வீட்டு முன்கூடம்தான். தையல் மிஷின் ஜன்னல் ஓரம் இருக்கிறது. சமையலறையிலிருந்து நேராகப் போனால் பதினைந்து அடிகூட இருக்காது. அப்படி நேராகப் போய்த்தான் பல வருஷம் தைத்தேன். ஒன்றும் உருப்படவில்லை.

வீட்டில் இருந்தே வேலை செய்யும் பெண்கள் இப்போது எங்கள் தாமான் குடியிருப்பில் நிறையப் பேர். கேக் செய்கிறார்கள், கம்ப்யூட்டரில் கணக்குப் பார்க்கிறார்கள். என் வீட்டில் நடந்ததையும் எழுதலாம் என்று தோன்றியது.

பெரட்டு

லாபுவில் ரப்பர் தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷம் பால் மரம் வெட்டினேன்; பட்டையைச் சீவிப் பால் எடுக்கிற வேலை. ரப்பரை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டபோது வேலை போனது. தோட்டத்தை ஒட்டிய தாமானுக்கு வந்து ரவிக்கை தைக்க ஆரம்பித்தேன். எனக்கு ஆள்களோடு பேசக் கூச்சம். அதனால் வீட்டு வேலைதான் பொருத்தம் என்று நினைத்தேன். ஆனால் வீட்டில் இருந்து வேலை செய்கிறவளை வேலை செய்கிறவளாக யாரும் எண்ணுவதில்லை.

"அம்மா வீட்லதானே இருக்காங்க, கேஸ் வந்தா எடுத்து வச்சிருவாங்க" என்பான் மகன்.

"அத்த, வீட்லதானே இருக்கீங்க, வாஷிங் மிஷின்ல இருக்கிற துணிய மட்டும் காயப் போட்டுருங்க" என்பாள் மருமகள்.

"வீட்லதானே இருக்க, ஒரு தேத்தண்ணி கலக்கு" என்பார் வீட்டுக்காரர்.

எல்லாம் செய்தேன். அரை நாளில் முடிகிற ரவிக்கை நாலு நாள் இழுத்தது. ஒரு தீபாவளிக் காலையில், எங்கள் பின் வரிசை வீட்டுப் பெண் எண்ணெய் தேய்த்துக் குளித்த தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள். உள்ளே நான் அவள் ரவிக்கைக்கு ஹூக் தைத்துக்கொண்டிருந்தேன். திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது.

தோட்டத்தில் நான் ஒரு நாளும் வேலையைப் பாக்கி வைத்ததில்லை. ஏன் என்று யோசித்தேன். அங்கே பெரட்டு இருந்தது. விடியுமுன் எல்லாரும் வரிசையில் நிற்போம். வேலை வாங்கும் மண்டோர் பேர் கூப்பிடுவார். "இருக்கேன்" என்று சொன்ன பிறகு வீட்டு நினைப்பு வராது. பிள்ளை ஆயாக் கொட்டகையில், நாம் நம் மர நிரையில். வீட்டில் எனக்குப் பெரட்டு இல்லை. அதுதான் குறை.

மரம் வெட்டப் போனபோது போட்ட நீளக்கைச் சட்டை ஒன்று பீரோவில் கிடந்தது. அதை எடுத்துத் துவைத்துப் போட்டேன். சாப்பிடும்போது எல்லாரையும் வைத்துக்கொண்டு சொன்னேன்.

"இந்தச் சட்ட என் மேல இருந்தா நான் வீட்ல இல்ல. மரம் வெட்டப் போயிட்டேன்னு நெனச்சுக்குங்க. நெருப்புப் புடிச்சா கூப்பிடுங்க. பாப்பா விழுந்துட்டா கூப்பிடுங்க. மத்ததெல்லாம் பத்து மணி தேத்தண்ணிக்குத்தான்."

பாப்பா என் பேத்தி. பாலர் பள்ளிக்குப் போகிறாள்.

"அப்ப பெரட்டு யாரு எடுக்குறது?" என்று கேட்டார் வீட்டுக்காரர். காலமெல்லாம் தோட்டத்து லோரி ஓட்டியவர். காலமெல்லாம் மண்டோர் ஆக ஆசைப்பட்டவர்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் வீட்டைச் சுற்றிக்கொண்டு வருகிறேன், முன்வாசலில் பேத்தியின் பழைய நோட்டோடு நிற்கிறார்.

"பாக்கியம்!"

"இருக்கேன்."

"ரெண்டு நிமிஷம் லேட்டு லா. அரை நாள் சம்பளம் புடிச்சிருவேன்."

"மொதல்ல பல்லு வெளக்கிட்டு வந்து பெரட்டு எடுங்க மண்டோரே."

மூன்றாம் நாள் குளித்துவிட்டு வந்து கைலி எங்கே என்று கேட்டார். நான் சட்டையைத் தொட்டுக் காட்டினேன். பத்து மணி வரை இடுப்பில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு கைலி இருக்கும் இடம் அவருக்கு மறந்ததே இல்லை. மருமகளும் சொல்லாமலே துணியைக் காயப்போட்டுவிட்டு வேலைக்குப் போனாள்.

பன்னிரண்டரைக்குப் பாப்பா வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவேன். சமையல், சோறு ஊட்டுவது, அவள் கதை கேட்பது. அவள் தூங்கினால் பக்கத்தில் உட்கார்ந்து ஹூக் வைப்பேன், ஓரம் மடித்துத் தைப்பேன். அதற்குச் சட்டை வேண்டாம். நாலு மணிக்கு எல்லாம் முடிந்துவிடும். ஒரு நாளைக்கு இரண்டு ரவிக்கை என்று வேலை ஓடியது.

ஒன்றை மட்டும் நான் மாற்றவில்லை. போனில் பேசுவது எப்போதும் வீட்டுக்காரர்தான். யார் கூப்பிட்டாலும் அவர் எடுத்து, கேட்டு, எனக்குச் சொல்வார். மண்டோர் வேலையோடு, எழுதி வைக்கிற கிராணி வேலையும் அவருக்கே.

ரஹாங் சேலை

ரஹாங்கிலிருந்து ஓர் அம்மா, பேர் ரீட்டா, மகள் கல்யாணத்துக்கு ரவிக்கை தைக்கத் துணி கொண்டுவந்தார். மாதா கோயிலில் கல்யாணம். சேலையும் அதே துணி: சந்தன வெள்ளைப் பட்டு, தங்கக் கரை. நான் அதுவரை கல்யாண ரவிக்கை தைத்தது கிடையாது. இது நன்றாக அமைந்தால் பெண்ணின் தங்கை கல்யாணத்துக்கும் என்னிடமே தருவதாகச் சொன்னார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். பேசியதெல்லாம் வீட்டுக்காரர். அளவு ரவிக்கையில் குட்டைக் கை. அதையே அளவாக எழுதிக்கொண்டேன்.

சனிக்கிழமை கல்யாணம். புதன்கிழமை காலை பெரட்டு முடிந்து, சட்டையோடு உட்கார்ந்து, சாக்கால் கோடு போட்டு வெட்டினேன். முதுகு, முன்பக்கம், கை. கை ஐந்து அங்குலம். மிச்சத் துணியில் பட்டியும் கழுத்துக்குப் பைப்பிங்கும் வெட்டி எடுத்தேன். ஒரு சாண் துணிகூட மிஞ்சவில்லை.

பத்து மணிக்கு வீட்டுக்காரர் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். கோப்பைக்குப் பக்கத்தில், கிழித்த காலண்டர் தாளில் அழகாக எழுதியிருந்தது: "ரஹாங் அம்மா போன். கை முழங்கை வரை வேண்டுமாம். கோயிலில் குட்டைக் கை ஆகாதாம்."

"இது எப்ப வந்துச்சு?"

"ஏழரைக்கு."

"ஏழரைக்கா! அப்பவே ஏன் சொல்லல?"

"நெருப்புப் புடிக்கல. பாப்பா விழல. நீதானே சொன்ன? கைலிக்கு என்னைய ரெண்டு மணி நேரம் துண்டோட ஒக்கார வச்சவ நீ!"

வெட்டிய கையைத் தூக்கிக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது.

"அலாமாக்" என்று தலையில் கை வைத்தார். "சரி, நான் பேசுறேன். நான்தான் சொல்ல மறந்துட்டேன்னு சொல்லிடுறேன். என்னைய திட்டட்டும்."

அவர் அப்படிச் சொன்னது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் அவர் மறக்கவில்லை. கத்தரியை வைத்தவள் நான். வாயை மூடச் சொன்னவளும் நான். அதோடு, கை எப்படி வெட்டியிருக்கிறது, எப்படிச் சரி செய்யலாம் என்று அவருக்குச் சொல்லத் தெரியாது. குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில், பேச வேண்டியதை மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பிறகு போனை வாங்கினேன்.

"ரீட்டாம்மா... நான் தைக்கிற பாக்கியம் பேசுறேன்."

"அக்காவா? ஒங்க கொரல இப்பத்தாங்க்கா கேக்குறேன்!"

"தப்பு பண்ணிட்டேம்மா. கைய குட்டையா வெட்டிட்டேன். துணி மிச்சம் இல்ல."

"சனிக்கெழம கல்யாணம்க்கா" என்று மெதுவாகச் சொன்னார்.

"தெரியும்மா. ஒரு வழி இருக்கு. பொண்ணையும் சேலையையும் கூட்டிட்டு வாங்க."

சேலையைக் கூட்டிட்டு வரச் சொன்னேன் என்று வீட்டுக்காரர் இன்றுவரை சிரிக்கிறார்.

மதியம் வந்தார்கள். பாப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே சொன்னேன். சேலையின் உள் தலைப்பு இடுப்பில் சொருகுகிற பக்கம். அதில் ஓர் அடி வெட்டினால் மேல்கரையில் ஒரு துண்டு, கீழ்க்கரையில் ஒரு துண்டு கிடைக்கும். ஒவ்வொன்றையும் ஒரு கையின் கீழே சேர்த்தால் முழங்கை வரை வந்துவிடும். சேர்த்த தையல் வெளியே தெரியாமல் மேலே மெல்லிய லேஸ் வைக்கலாம்.

"கல்யாணச் சேலைய வெட்டுறதா?" ரீட்டாம்மா சேலையை மார்போடு அணைத்துக்கொண்டார். "தாலி ஏறறதுக்கு முன்னாடி கத்தரி வைக்கிறதாக்கா?"

பெண் குறுக்கிட்டாள்.

"மம்மி, நான் ஒல்லி. இடுப்புக்குள்ள போற துண்டு லா அது. யாரு பாக்கப் போறா? வெட்டுங்க ஆன்ட்டி."

முதலில் அவளுக்குச் சேலையைக் கட்டிப் பார்த்தேன். ஓர் அடி குறைந்தாலும் கொசுவம் நிற்கும். கட்டிய இடத்தில் ஊசி குத்தி அடையாளம் வைத்தேன். கத்தரியை எடுத்தேன். "பாட்டி, கோணையா வெட்டாதீங்க" என்றாள் பாப்பா. ரீட்டாம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு வெட்டினேன்.

லேஸ் வாங்க வீட்டுக்காரர் லுக்குட் டவுன் வரை மோட்டார் சைக்கிளில் போனார். முதலில் கொண்டுவந்தது மஞ்சள். மறுபடியும் போனார். அன்றைக்கு ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் ரவிக்கை போய்ச் சேர்ந்தது. சனிக்கிழமை எங்களையும் அழைத்திருந்தார்கள். கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பெண்ணின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மோதிரம் போட அவள் கையை நீட்டினாள். லேஸ் அசையவில்லை. எனக்கு முன்னால் இருந்த அம்மா, "கையில கரை வச்சுத் தச்சிருக்கிறது எவ்ளோ அழகு பாரேன்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். வீட்டுக்காரர் என் முழங்கையில் இடித்தார். நான் தலை நிமிரவில்லை.

தங்கை ரவிக்கைக்கும் கரை வைத்த கைதான் வேண்டும் என்று ரீட்டாம்மா சொல்லிவிட்டார்.

கத்தரிக்கு முன்

திங்கள்கிழமை பெரட்டில் நான் போனை மண்டோரிடமிருந்து வாங்கிக்கொண்டேன்.

"அப்ப என் கிராணி வேல போச்சா?"

"மண்டோர் வேல இருக்குல்ல?"

போன் இப்போது என் மிஷின் மேசையில்தான் இருக்கிறது. மணி அடித்தால் இன்னமும் கூச்சம்தான். இருந்தாலும் எடுத்துப் பேசுகிறேன். நான் சமையலில் இருக்கும்போது வரும் போனை மட்டும் அவர் எடுப்பார். சட்டையையும் பெரட்டையும் விடவில்லை. அவை இல்லாவிட்டால் வீடு என்னை விழுங்கிவிடும். ஆனால் ஒன்றை நான் மறந்திருந்தேன். தோட்டத்தில் பெரட்டு முடிந்தாலும் மண்டோர் நிரைக்கு நிரை வருவார். நாம் வாய் திறக்காமல் வெட்டினாலும், சேதி நம்மைத் தேடி வரும். நான் வீட்டில் கதவை அடைத்ததோடு சேதி வரும் வழியையும் அடைத்துவிட்டேன். வேலை நேரத்தை வீட்டாரிடமிருந்து காப்பாற்றலாம். வீட்டாரையே வெளியே நிறுத்திவிட்டால் வேலைதான் கெடும்.

இப்போது துணியில் கத்தரி வைக்குமுன் உரக்க, எனக்கு முடிந்த அளவு உரக்க, சொல்கிறேன்:

"வெட்டப் போறேன்!"

பின்கட்டிலிருந்து அவர் குரல் வரும்: "சேதி ஒண்ணும் இல்ல, வெட்டு!"

பள்ளி விடுமுறை நாளில் பாப்பாவும் சேர்ந்து கத்துவாள். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் கத்தரியைத் திறக்கிறேன்.