போகிக்குக் கழித்த எண்ணெய்

என் சமையலறைத் தொட்டிக்கு அடியில் ஓர் எனாமல் பேசின் கிடக்கிறது. வெள்ளை உடம்பு, நீல விளிம்பு, நடுவில் இரண்டு சிவப்பு ரோஜா. அரிசி களைவதற்கென்று அம்மா எஸ்டேட்டிலிருந்து பஸ் ஏறி வந்து, தெங்கேரா கடையொன்றில் பொறுக்கி எடுத்து, என் கல்யாணச் சீரில் வைத்துக் கொடுத்தது. அதன் பாதி உயரத்தில் சுற்றிலும் ஒரு கறுப்புக் கோடு ஓடும். சாம்பல், மணல், புளி, சோடா, பிறகு கடைக்கு வந்த விதவிதமான பவுடர்கள் என்று எல்லாம் போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டேன். அறுபத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது, கோடு போகவில்லை. பழைய இரும்புக்காரன் தெருவில் கூவும்போதெல்லாம் என் பேத்தி அதைத் தூக்கிப் போடப் பார்ப்பாள், நான் பிடுங்கி வைத்துக்கொள்வேன். ஆசையாக வைத்திருக்கிறேன் என்று அவள் நினைக்கிறாள். அந்தக் கோடு விழுந்த நாளிலிருந்து நான் அதில் ஒரு பிடி அரிசி களைந்ததில்லை.

அதில் கோடு போட்டவர் என் மாமனார். மலாக்காவில், காஜா பெராங்கில் சாலையோரம் பலகை வீடு, முன்னால் ஒரு கொய்யா மரம், மரத்தடியில் ஒரு ஜீப். சண்டை முடிந்து வெள்ளைக்கார ராணுவம் ஏலம் போட்ட வண்டி அது. செமாபோக் தோட்டங்களில் விடியலில் கீரையும் வெள்ளரியும் ஏற்றி, பசாரில் கொண்டு போய் இறக்குவார். அத்தை நான் அந்த வீட்டுக்குப் போகுமுன்பே காலமாகிவிட்டார். என் கணவருக்கு சிங்கப்பூரில் வேலை. மாதம் ஒருமுறை வருவார். ஆக அந்த வீட்டில் மாமனாரும் நானும் ஜீப்பும்தான். மூவரில் ஜீப்புக்குத்தான் மரியாதை அதிகம். அதற்குப் பொட்டு வைப்பார், கற்பூரம் காட்டுவார், எலுமிச்சம்பழம் நசுக்குவார். எனக்கு வாய்த்தது அதன் அழுக்குத் துணி.

எண்ணெய் மாற்றுவதைப் பட்டறையில் விடமாட்டார். "அடுத்தவன் கை என் வண்டியில படக்கூடாது" என்பார். முதலில் தெங்கேரா வரைக்கும் ஓட்டிப் போய் வருவார். இன்ஜின் சூடானால்தான் பழைய எண்ணெய் இளகி முழுதாக இறங்குமாம். பின்சக்கரங்களுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்துவிட்டு, சாக்கை விரித்து, மல்லாந்து வண்டிக்கு அடியில் நுழைவார். நான் பார்க்கும்போது இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், சேறு காய்ந்த குதிகாலோடு. அடி நட்டு கழன்றதும் சூடான எண்ணெய் அவர் மணிக்கட்டில் விழுந்து, முழங்கை வழியாக அக்குளுக்குள் ஓடும். கெட்ட வார்த்தை ஒன்று கேட்கும். அது வடிந்து முடிகிற வரைக்கும் அடியிலேயே கிடந்து சுருட்டுப் பிடிப்பார். வெளியே வந்தபின் செய்கிற காரியம்தான் எனக்குத் தாங்காது. பழைய எண்ணெயில் விரலைத் தோய்த்து, கட்டைவிரலோடு வைத்துத் தேய்த்து, மோந்து பார்த்து, பிறகு நுனி நாக்கில் வைப்பார். பெட்ரோல் கலந்திருக்கிறதா என்று பார்க்கிறாராம். துப்பிவிட்டு, அதே விரலைத் திருநீற்று மடலுக்குள் விட்டு நெற்றியில் இழுத்துக்கொள்வார். வெள்ளைப் பட்டைக்கு நடுவே ஒரு கறுப்பு இழை ஓடும். எண்ணெய் அளக்கும் கம்பியைத் துடைக்கக் கையில் எது அகப்பட்டாலும் சரி, கொடியில் காயும் என் புடவைத் தலைப்பானாலும் சரி. அவர் நகக்கண்ணில் அந்தக் கறுப்பு எப்போதும் இருந்தது. அந்தக் கையால்தான் சோறு பிசைந்தார். எதிரே நின்று பரிமாறிய எனக்குப் பல நாள் பசி எடுத்ததில்லை.

இவ்வளவுக்கும் ஊரில் அவருக்கு ஆசாரக்காரர் என்று பெயர். எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம், கொஞ்சம் பள்ளத்தில், ஒரு செட்டி குடும்பம் இருந்தது. மலாக்காவின் பழைய செட்டிகள். கோயிலும் விரதமும் நம்மைவிட ஒரு படி கூடுதலாகவே இருக்கும், பேச்சு மட்டும் மலாய். அந்த வீட்டு அம்மாவைத் தெருவே 'மாக்' என்று கூப்பிடும், மலாயில் அம்மா. அவர் புருஷன் ஏதோ ஓர் ஆபீசில் பியூன்; அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். "தமிழ் பேசத் தெரியல, சாரோங் கட்டுறாங்க, இவங்க வீட்டுல எப்படித் தண்ணி குடிக்கிறது?" என்பார் என் மாமனார். ஆனால் அவர்கள் வீட்டிலிருந்து பலகாரம் வந்தால் மட்டும் தட்டு காலியாகும்வரை எழுந்திருக்க மாட்டார். பலகாரத்தில் தண்ணீர் சேராது போலும்.

மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், கிடைத்த பிறகு வந்த முதல் பொங்கல் அது. சாலையில் கட்டிய கொடித் தோரணங்கள் வெளுத்துக் கிழிந்து இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. போகியன்று காலையில் மாமனாருக்கு ஒரு யோசனை பிறந்தது. "பழசு எதுவும் இன்னிக்கு வீட்டுல தங்கக்கூடாதும்மா. ஜீப்புக்கும் போகிதான்." எண்ணெய் மாற்றக் கிளம்பிவிட்டார். எப்போதும் பிடிக்கிற மண்ணெண்ணெய் டின் ஓட்டையாகிவிட்டிருந்தது. நான் குசினியில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். உள்ளே வந்தார், அரிசியைச் சட்டியில் கொட்டினார், பேசினை எடுத்துக்கொண்டு போனார். "மாமா, அது சீர் பேசின்" என்றேன். "பேசின்தானேம்மா? கழுவினா போச்சு" என்றார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ரோஜாவின் மேல் தார் மாதிரி விழுந்து நிரம்பியது.

வழக்கமாகப் பழைய எண்ணெயை டின்னில் சேர்த்து வைப்பார். பலகை வீட்டுத் தூணில் கரையான் ஏறாமல் இருக்க அதைப் பூசுவது அங்கே வழக்கம். கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுப்பார். போன வாரம்தான் மாக்கின் புருஷன் ஒரு டின் வாங்கிப் போய் வாசல் தூண்களுக்கு அடித்திருந்தார். ஆனால் போகியன்று கழித்ததை வீட்டெல்லைக்குள் வைக்கக்கூடாது என்பது மாமனாரின் சட்டம். பாயென்றால் கொளுத்தலாம். எண்ணெயை என்ன செய்வது? பேசினைத் தூக்கிப் போய் வேலிக்கு மேலாக அந்தப் பக்கத்து வாய்க்காலில் ஊற்றினார். எல்லை தாண்டிவிட்டதல்லவா, சுத்தம். காலிப் பேசினை என்னிடம் நீட்டினார்.

வாய்க்காலிலிருந்து பத்தடியில் மாக் வீட்டுக் கிணறு. செம்புறைக்கல் சுவர், ஒரு பக்கம் இடிந்து தரையோடு தரையாக இருக்கும். நண்பகலில் பிடித்த மழை ஒரு மணி நேரம் விடவில்லை. மழை நின்றபோது வாய்க்கால் நிரம்பி வழிந்து, கிணற்றடி முழுக்க நீலமும் மஞ்சளுமாக மினுங்கியது.

நமக்குப் போகி, அவர்களுக்கு அன்று பார்ச்சு. இறந்துபோன பெரியவர்கள் வீட்டுக்குச் சாப்பிட வரும் நாள். அந்திக்குள் சமைத்து, வாழையிலை போட்டு, ஒவ்வொருவருக்கும் பிடித்ததைப் படைத்து, கும்பிட்டுவிட்டு, அவர்கள் சாப்பிடட்டும் என்று சற்று நேரம் விலகி நிற்பார்கள். சோறு அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் வேக வேண்டும். போனவர்கள் குடித்த தண்ணீர் அது. அதே நாளில் நாங்கள் பழசை வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்தோம், அவர்கள் பழையவர்களுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மழை விட்ட சிறிது நேரத்தில் மாக் வாளியோடு வேலியண்டை வந்தார். பின்னால் அவர் புருஷனும் புருஷனின் அண்ணன்மார் இருவரும். வாளித் தண்ணீரில் எண்ணெய் வட்டம் வட்டமாக மிதந்தது. மாக் கோபப்படவில்லை. தண்ணீர் இப்படி இருக்கிறதே, உங்கள் பக்கத்தில் ஏதாவது கொட்டிவிட்டதா என்று மலாயில் கேட்டார். நான் பின்வாசலில் பேசினைத் தேய்த்துக்கொண்டிருந்தவள், எழுந்து அதை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டேன். ஏன் அப்படிச் செய்தேன்? யாரும் சொல்லித் தரவில்லை, கை தானாகப் போனது.

மாமனார் கொஞ்சமும் கூசவில்லை. அவர்கள் வீட்டு வாசல் தூணைக் காட்டினார். போன வாரம் உங்கள் வீட்டுக்காரர் அடித்த கறுப்பெண்ணெய்தான் மழையில் கரைந்து ஓடியிருக்கும் என்றார். "நான் அப்பவே சொன்னேன்ல, காயறதுக்கு முன்னால மழை வந்தா வடியும்னு" என்று என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார். அவர் அப்படி எதுவும் சொன்னதில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, சோறு கூட இல்லாமல் மறைத்தார்.

மாக் என்னைப் பார்த்தார். "அடிக், நீ பார்த்தாயா?" அடிக் என்றால் தங்கை. என்னை அந்த ஊரில் அப்படிக் கூப்பிட்ட ஒரே ஆள் அவர். பார்த்தேன் என்று ஒரு சொல் போதும், அந்தப் பியூன் தலை நிமிர்ந்திருப்பார். ஆனால் இரண்டு மாதம் முன்பு, குழம்பில் உப்புக் கூடியதற்கே, "உன்னை உங்கப்பன் வீட்டுக்கு அனுப்ப எனக்கு அரை நாள் போதும்" என்று சொன்னவர் பக்கத்தில் நின்றார். அப்பா வீட்டில் எனக்குக் கீழே நான்கு பெண்கள். "தா தாவு" என்றேன். தெரியாது. பேசினிலிருந்து ஒரு சொட்டு என் குதிகாலில் விழுந்தது இன்னும் நினைவிருக்கிறது.

அதன்பின் நடந்ததை நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அண்ணன்மார் தம்பியைப் பிடித்துச் சத்தம் போட்டார்கள். அப்பா அம்மா குடிக்கிற தண்ணீரை வருஷத்தில் இந்த நாளில் கெடுத்தாயே என்றார்கள். மாக்கின் புருஷனோ நாம்தான் செய்துவிட்டோம் என்று நம்பிவிட்டார், அதுதான் கொடுமை. சாரோங்கை வரிந்து கட்டி, கயிற்றைப் பிடித்துக் கிணற்றுக்குள் இறங்கி, பழந்துணியால் எண்ணெயை ஒற்றி ஒற்றிப் பிழிந்தார். மேலே வந்தபோது தலைமுடியெல்லாம் பிசுக்கு. மாக் சாலைக் குழாயில் தண்ணீர் பிடித்து வந்து சமைத்தார். அந்தியில் எல்லாரும் படையலுக்கு முன் உட்கார்ந்தபோது, அவர் உள்ளே போகவில்லை. அழுக்காக்கிய கையோடு அப்பா அம்மா முகத்தில் எப்படி விழிப்பது என்று கிணற்றடியிலேயே குந்தியிருந்தார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

மறுநாள் வழக்கம்போல் மாக் படையல் சோறும் மீனும் எங்களுக்குக் கொடுத்தனுப்பினார். மாமனார் சம்மணமிட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். முள்ளை எடுத்துப் போட்டு, கறுத்த நகத்தோடு விரல்களை ஒவ்வொன்றாக நக்கினார். "குழாய்த் தண்ணியில ஆக்கியும் ருசி குறையல பாரு" என்றார். நான் பின்வாசலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். முழுகாமல் இருக்கிறாள் என்று தெருவில் சந்தோஷமாகப் பேசிக்கொண்டார்கள். அந்த மனிதரை எனக்கு அருவருத்தது. அவருக்குத் தட்டு வைத்த என் கையையும்தான்.

அதன்பிறகு பதினெட்டு வருஷம் அவர் இருந்தார். மாலை போட்டுத்தான் அனுப்பினார்கள்; நல்ல ஆசாரமான மனுஷர் என்று பேசினார்கள். நானும் தலையாட்டினேன். அதற்குள் மாக்கின் புருஷன் போய்ச் சேர்ந்திருந்தார், பிறகு மாக்கும் போனார். ஒரு நாள் சொல்லலாம், அடுத்த வருஷம் சொல்லலாம் என்றே தள்ளிவிட்டேன். மாமனார் செத்த பிறகு எனக்கு எந்தப் பயமும் இல்லை. அப்போதும் சொல்லாததற்கு அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

இப்போது காருக்கு எண்ணெய் மாற்றப் பட்டறைக்கு விடுகிறார்கள், பேரன் கையில் அழுக்குப் படுவதில்லை. கொய்யா மரம் போய், அந்த இடத்தில் சிமெண்ட் போட்டாயிற்று. மாக்கின் கிணற்றைப் பலகைக்கல் போட்டு மூடிவிட்டார்கள். இந்த வருஷம் போகியன்று காலையில் மாக்கின் பேத்தி வந்தாள், படையலுக்கு எங்கள் பின்கட்டில் வாழையிலை வெட்ட. முன்பல் விழுந்துவிட்டது என்று சொல்வது போல, வீட்டின் வாசல் தூண் உளுத்துவிட்டது, மாற்ற வேண்டும் என்றாள். கரையான். ஏன் முன்பே மருந்து அடிக்கவில்லை என்று கேட்டேன். தாத்தா விடமாட்டாராம். ஒரு பார்ச்சுக்கு முன்னால் தூணுக்கு எண்ணெய் அடித்துக் கிணற்றைக் கெடுத்துவிட்டாராம். சாகிறவரை தூணில் ஒரு சொட்டு எண்ணெய் படவிடவில்லையாம். அவர் போன பிறகும், தாத்தா சொன்னாரே என்று அப்படியே விட்டுவிட்டார்களாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

நான் உட்கார்ந்து, தொட்டிக்கு அடியிலிருந்து பேசினை இழுத்து அவள் முன் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். என் மலாய் உடைந்த மலாய். அன்றைக்கு நன்றாகவே வந்தது. அவள் இலைக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். சிரிப்பு நின்றுவிட்டது. பரவாயில்லை பாட்டி, பழைய கதை என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்; அப்படிச் சொல்லியிருந்தால் நானும் ஒப்புக்கொண்டு நிம்மதியாகியிருப்பேன், வெட்கம் கெட்டவள். அவளோ விரலால் அந்தக் கறுப்புக் கோட்டைத் தடவிப் பார்த்தாள்.

"என்னிடம் ஏன் சொல்கிறீர்கள்?" என்று கேட்டாள். "இன்றைக்கு அந்தியில் தாத்தா சாப்பிட வருவார். நீங்களே வந்து சொல்லுங்கள்."

இலையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் குளித்து, வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டேன். ஆறு மணிக்கு என் பேத்தி கையைப் பிடித்து வேலியோரமாக அழைத்துப் போனாள். அவர்கள் வாசலில், உளுத்துப் போன தூணைக் கடந்து, செருப்பைக் கழற்றினேன். உள்ளே இலைகள் போட்டாயிற்று. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பேசினை இந்தத் தடவை இரண்டு கையாலும் முன்னால் பிடித்துக்கொண்டு போனேன்.