வலது காலில் கட்டிய பனியன் துணி

திருப்பூரைப் பார்க்க வரும் நண்பர்களிடம், சைக்கிளில் சுற்றுங்கள், ஆனால் பேண்ட்டின் வலது காலைத் துணியால் கட்டிக்கொண்டு ஏறுங்கள் என்பேன். சிரிப்பார்கள். நானும் சிரித்தவன்தான்.

இரண்டாயிரங்களின் தொடக்கம். டி-ஷர்ட்டுக்குப் படம் வரையும் வேலைக்கு நேர்காணல் என்று தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தேன். வாடகை சைக்கிள் கடைக்காரர் ஒரு பனியன் துண்டை நீட்டி, "காலுல கட்டிக்குங்க, செயின்ல மாட்டிக்கும்" என்றார். கௌரவக் குறைச்சலாகத் தோன்றியது. சிரித்தபடி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

போகிற வழியில், நல்லூர்ப் பகுதியில் செயின் பேண்ட்டைக் கவ்வியது. விழுந்து எழுந்தபோது முழங்கால்வரை கிழிந்திருந்தது. கொண்டுவந்ததே அந்த ஒரு பேண்ட்தான்.

எதிரே இருந்த தையல் யூனிட்டிலிருந்து ஓர் அக்கா எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, அடி பட்டுருச்சுங்களா?" என்றவர், உள்ளே யாரிடமோ ஒரு லுங்கி வாங்கி வந்தார். "இதைக் கட்டிக்கிட்டு அதைக் குடுங்க."

அவசர ஆர்டர் ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தி, பேண்ட்டின் நிறத்துக்கு நூல் மாற்றித் தைத்தார். சுற்றி இருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. நன்றி சொன்னேன்.

"துணி வச்சிருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டார். பையிலிருந்து எடுத்துக் காட்டினேன்.

"கட்டிக்கிட்டுப் போங்க."

அதை அவிழ்க்க மறந்து நேர்காணலில் மேனேஜர் முன்னால் போய் நின்றேன். அவர் என் காலைப் பார்த்தார்.

"சைக்கிள்லயா வந்தீங்க? உள்ளூருங்களா?"

"இல்ல சார்" என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "ஆமாங்க" என்று வந்தது.

அது பொய் என்று இன்றுவரை எனக்குத் தோன்றியதில்லை.