எட்டுப் பேரின் நிறை

பல்கலைக்கழக வளாகத்தில் முதலாம் வருடம் படிக்கும்போது என்னைக் கயிறிழுத்தல் அணிக்குக் கேட்டு வந்தார்கள். அதுவரை ஓட்டத்துக்கோ நடனத்துக்கோ என்னை ஒருவரும் கேட்டதில்லை. பாலையூற்றில் எங்கள் வீட்டில் நான் இரண்டாம் தரம் சோறு போட்டால் அம்மாவின் கண் என் சோற்றுக் கோப்பையிலேயே நிற்கும். இங்கே என் உடம்புக்காகவே ஓர் இடம் காத்திருந்தது. கயிற்றின் கடைசியில், அதைத் தோளோடு சுற்றிக்கொண்டு அசையாமல் நிற்கவேண்டும். அசையாமல் நிற்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகுதான் விதி தெரிந்தது. எட்டுப் பேரின் மொத்த நிறைக்கு ஓர் எல்லை உண்டு. விடுதித் தராசு பழுது என்பதால் துறைமுகப் பக்கம் போய், சூரை மீன் நிறுக்கும் தராசில் ஒவ்வொருத்தியாக ஏறினோம். மீன்காரர் முகத்தில் சிரிப்பே இல்லை.

"பார்த்து நில்லுங்கோ பிள்ளை, ஐஸ் வழுக்கும்."

நாங்கள்தான் வயிறு நோகச் சிரித்தோம். கூட்டிப் பார்த்தால் எல்லை தாண்டியிருந்தது. என் சிரிப்பு அத்தோடு போய்விட்டது. என்னை விலக்கி ஒல்லியான ஒருத்தியைப் போட்டால் கணக்குச் சரியாகிவிடும்.

திரியாயிலிருந்து வந்த எங்கள் தலைவி, "இவளை விட ஏலாது. நாங்கள் ஏழு பேரும் குறைப்பம்" என்றாள்.

எனக்காக ஏழு ஒல்லிகளும் பட்டினி கிடந்தார்கள். கொத்துரொட்டி கொத்தும் சத்தம் கேட்டால் எங்கள் அணியின் கிண்ணியாக்காரி காதைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். என் கோப்பையில் மட்டும் சோற்றைக் குவித்தார்கள். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. அவர்களுக்குத் தெரியாமல் தினமும் பாதியை விடுதிப் பூனைக்கு வைத்தேன். பூனை உருண்டு திரண்டது.

போட்டியன்று காலை மறுபடியும் மீன் தராசுக்குப் போனோம். மொத்தம் எல்லைக்கு எவ்வளவோ கீழே இருந்தது. என் நிறையும் இறங்கியிருந்ததைக் கண்டு தலைவிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஆர் உன்னை மெலியச் சொன்னது?"

பூனையின் கதையைச் சொன்னேன்.

"அப்ப பூனையை வைச்சோ கயிறு இழுக்கிறது?"

மெலிந்ததற்காக என்னை ஒருவர் ஏசியது அதுதான் முதல்தரம். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. உடனே மீன் அடைத்த மாலுபாண் பணிஸ் வாங்கி வந்து, நான் தின்று முடிக்கும்வரை ஏழு பேரும் சுற்றி நின்றார்கள்.

பின்னேரம் வென்றோம். எதிரணி கயிற்றைக் கைவிட்ட வேகத்தில் ஏழு பேரும் பின்பக்கமாக என்மேல் விழுந்தார்கள். அத்தனை பேரின் நிறையும் என்மேல் கிடந்தது. எனக்கு எழும்ப மனமே வரவில்லை.