மலையைத் திருப்பிக் கொடுத்த பிறகு

தலைவரே, ஓட்டு வாங்கி ஜெயித்து மேடையேறிப் பொய் சொன்னவர் நீங்கள். எல்லைச் சண்டை முடிந்து பட்டாளத்திலிருந்து ஊன்றுகோலோடு ஊர் திரும்பிய என் அண்ணனுக்கு ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்தருகே மாலை போட்டீர்கள். "இந்தத் தம்பி ஒரு காலைக் கொடுத்துப் பிடித்த மலையில் ஒரு பிடி மண்ணைக்கூட விடமாட்டோம்" என்று மைக்கில் முழங்கினீர்கள். நானும் கை தட்டினேன்.

சில மாதங்களில் ஒப்பந்தம் ஆயிற்று. இரண்டு நாடும் பிடித்த இடங்களைத் திருப்பிக் கொடுக்கும் என்று டீக்கடை ரேடியோவில் சொன்னார்கள்.

"இன்னாப்பா, உன் மலைய குட்த்துட்டாங்களாமே?" என்று கடைக்காரர் அண்ணனிடம் கேட்டார்.

"மலை போவட்டும் நைனா. அங்க கெடக்குற என் காலையாவது அனுப்புவாங்களான்னு கேட்டுச் சொல்லு."

கடையே சிரித்தது. அதன்பின் அண்ணன் அந்தப் பக்கம் போகவில்லை.

சமாதானம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஊரில் வரப்புத் தகராறு வெட்டுக்குத்தில் முடிந்தால், அடிபட்டவனை நடுவில் உட்காரவைத்து, "உனக்குச் சம்மதமா?" என்று கேட்பார்கள். அவன் தலையாட்டிய பிறகுதான் இரு தரப்பும் வெற்றிலை மாற்றிக்கொள்ளும். என் அண்ணனை யாரும் கேட்கவில்லை. உங்கள் வீட்டுக்கே அவனை அழைத்து வந்தேன். "அதெல்லாம் டெல்லி விஷயம்பா, உனக்கு இன்னா புரியும்?" என்று வாசலோடு அனுப்பிவிட்டீர்கள்.

டெல்லி விஷயத்துக்கு நீங்கள் ஏன் வாக்குக் கொடுத்தீர்கள்? வருஷங்கள் போய்விட்டன. அதே இடத்தில் மறுபடி மேடை போடுங்கள். அண்ணன் முன்வரிசையில் உட்காருவான். மலை ஏன் திரும்பப் போனது என்று அவன் முகத்தைப் பார்த்து மைக்கில் சொல்லுங்கள்.