வைப்பர் மோட்டார் தொட்டில்

நான் ஆறாம் வகுப்பில் பாதி படித்தவன். இன்று ராஜபாளையத்தில் எனக்குப் பன்னிரண்டு பேண்டேஜ் தறி ஓடுகிறது. எந்த ஊரில் எவன் மண்டை உடைந்து கட்டுப் போட்டாலும் அது என் துணியாக இருக்கலாம். தறி நின்றால் மெக்கானிக்கைக் கூப்பிட்டதில்லை. சத்தத்தைக் கேட்டே எந்த போல்ட் என்று சொல்லிவிடுவேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்கென்றால் இன்னும் நிறைய இருக்கிறது.

சேத்தூரில் கட்டிக்கொடுத்த மகள் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பேரன் பிறந்தான். இரண்டாவது வாரத்திலிருந்து அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். எழுப்பினால் பால் கொடுப்பாள். பிள்ளையின் முகத்தைப் பார்க்க மாட்டாள். என் மனைவி மருந்து உருண்டையாக உருட்டிக் கொடுத்தாள், மிளகாய் சுற்றிப் போட்டாள். மிளகாய் நெடியில் தும்மியது நான் மட்டும்தான்.

ஒரு நாள் மகள் அம்மாவிடம், "இவனப் பாத்தா எனக்கு ஒண்ணுமே தோணலம்மா. யாரு வீட்டுப் பிள்ளையோன்னு இருக்கு" என்றாள்.

மனைவி பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள். "பெத்தவ பேசுற பேச்சாட்டி இது? மூணாம் மாசம் முடிஞ்சதும் கொண்டு போய் விடணும். சேத்தூர்க்காரவுக காதுல விழுந்தா என்னாகும்?"

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு இது எந்த போல்ட் என்று பிடிபடவில்லை. மகள் தொட்டிலை ஆட்டி ஆட்டி அலுத்துவிட்டாள் என்று முடிவு கட்டினேன். பழைய வேன் ஒன்றின் வைப்பர் மோட்டாரைக் கழற்றி, ஸ்பிரிங்கும் கொக்கியும் போட்டு, சேலைத் தொட்டிலைத் தானாக ஆட வைத்தேன். சுவிட்சைத் தட்டினால் போதும், யாரும் கிட்டே போக வேண்டாம். நாலே நாளில் பேரன் அழுவதை நிறுத்திவிட்டான். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வீடியோ போட்டேன். கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் படிக்கும் பையன்கள் இரண்டு பேர் வந்து படம் பிடித்துக்கொண்டு போனார்கள். படித்தவர்கள்!

தடுப்பூசி விஷயமாக வந்த நர்ஸம்மா மட்டும் படம் எடுக்கவில்லை.

"அண்ணாச்சி, பிள்ள எந்நேரமும் இதுலதான் கெடக்கானா?"

"எந்நேரமும். கரண்டு போனாலும் இன்வெர்ட்டர்ல ஓடும். எங்க வீட்டுல பிள்ள அழுத சத்தம் கேட்டீகளா?"

"அதத்தான் நானும் கேக்கேன்."

பிள்ளையைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துச் சிரித்தாள், நாக்கைச் சொடுக்கினாள். அவன் அவளைத் தாண்டி மேலே கொக்கியைப் பார்த்தான்.

"இந்நேரம் ஆள் மூஞ்சியப் பாத்துச் சிரிக்கணும், அண்ணாச்சி. அழுது பாத்து யாரும் வரலன்னா சில பிள்ளைக அழுறதையே விட்டுரும். இது சமத்து இல்ல. மொதல்ல இவன் அம்மாவக் கவனிங்க. அவளுக்குச் சோம்பேறித்தனமும் இல்ல, பேயும் இல்ல. பிள்ள பெத்தவளுக்கு வர்ற மனச்சோர்வு. வைத்தியம் இருக்கு."

பொறாமைக்காரி என்று நினைத்தேன். அவள் போனதும் மோட்டாரை நிறுத்தினேன். இப்போது அழுவான், இவளைப் பொய்க்காரி ஆக்கலாம் என்று நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அரை மணி நேரம் ஆனது. தொட்டில் அசையாமல் தொங்கியது. உள்ளே அவன் முழித்துக்கொண்டுதான் கிடந்தான். அழவில்லை. என் ஆயுளில் நான் கட்டிய இயந்திரத்தைப் பார்த்து நானே பயந்தது அன்றைக்குத்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மனசுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனோம். தெருவில் கேட்டால் ஆண்டாள் கோயிலுக்கு என்று சொல்லச் சொன்னாள் மனைவி. திரும்பும்போது சாட்சிக்குப் பால்கோவா வாங்கவேண்டுமாம்.

டாக்டரம்மா மகளிடம் தூக்கம் எப்படி என்று கேட்டார். "நல்லாத் தூங்குறா, பகல்லகூட" என்றேன். சாப்பாடு எப்படி என்றார். அதற்கும் நானே சொன்னேன்.

"பிள்ளை பெத்தது நீங்களா?" என்றார். "பேரனைத் தூக்கிட்டு வெளிய உக்காருங்க. அவன் முகத்தைப் பாத்து ஏதாவது பேசுங்க."

என்னை வெளியே போகச் சொன்ன முதல் மனுஷி. பேரனை மடியில் வைத்தேன். மூன்று மாதப் பிள்ளையிடம் என்ன பேசுவது? தெரிந்ததைத்தான் பேச முடியும். முதல் தறி வாங்கிய கதையைச் சொன்னேன். மோட்டாரை மாட்டுவண்டியில் ஏற்றி வந்த கட்டத்தில் மனைவி குறுக்கே வந்தாள்.

"அந்த வருசந்தான் நம்ம மக பொறந்தா."

"ஆமா. ராசிக்காரி."

"அஞ்சு மாசம் நானும் இப்படித்தான் சுவரப் பாத்துக் கெடந்தேன். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அக்காதான் இவளத் தூக்கி வச்சிருந்துச்சு. இவ மொதமொதல்ல சிரிச்சதும் அந்த அக்காவப் பாத்துத்தான். உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. தறியின் நம்பர் தெரியும்.

"பெறகு எதுக்கு இவ வாயப் பொத்துன?"

"எனக்கும் அப்படித்தான் பொத்துனாக."

கதவு திறந்து மகள் வந்தாள். கண் வீங்கியிருந்தது. "அவங்கிட்ட என்னப்பா சொல்லிக்கிட்டு இருக்கீக?"

"மொதத் தறி கதை."

"பாவம்" என்றாள். என்னையா அவனையா என்று கேட்கவில்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினாள். பிள்ளையைக் கொடுத்தேன். அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். மாத்திரை ஓடியது, மாதங்கள் ஓடின. அன்று அவள் கையை நீட்டினாள், அவ்வளவுதான்.

அங்கிருந்தே சேத்தூருக்குப் போன் போட்டேன். மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"சம்பந்தி, பொண்ணு இந்த மாசம் வர மாட்டா. மனசுக்கு வைத்தியம் பாக்கோம். என்னைக்கு வாரேங்காளோ அன்னைக்குத்தான். உங்க மகன வாராவாரம் அனுப்புங்க, பிள்ளையத் தூக்கிவச்சுப் பேசட்டும்."

அவர், "சரி சம்பந்தி. ஆனா வெளிய சொல்லிராதீக" என்றார்.

"நான் எதைத்தான் வெளிய சொல்லாம இருந்திருக்கேன்?" என்றேன்.