பொன்னிழைக்குப் பேனர் செய்த ரஹ்மத்

பொங்கலுக்கான புது பேனரை அன்று காலை ரஹ்மத்துக்கு அனுப்பியிருந்தேன். ஆன்லைனில் நான் நடத்தும் 'பொன்னிழை' கைவினைக் கடையின் முகப்பில், பண்டிகைக்குப் பண்டிகை மாற்றுகிற படம் அது. அனுப்பிய சற்று நேரத்தில் அவளிடமிருந்து ஒரு வார்த்தை வந்துவிடும். 'போடு' என்று வரும், அல்லது 'இரு' என்று வரும். அன்று அவள் படத்தைத் திறக்கவே இல்லை. ஓசூரில் காலை ஷிஃப்டில் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டு என் வேலையைப் பார்த்தேன். மதியச் சமையலுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தபோது அவள் கணவர் ஜாஃபர் பாய் கூப்பிட்டார். "ஜெஸிம்மா, ரஹ்மத் நம்மள உட்டுட்டுப் போய்ட்டா" என்றார். வேலைக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டக் குனிந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாளாம். மாரடைப்பு என்று டாக்டர் சொன்னாராம். பூந்தமல்லிக்குக் கொண்டுவருகிறோம், மறுநாள் காலை அடக்கம் என்றார். சரி பாய், சரி பாய் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதைப் படிக்கிறவர்களில் சிலர் ரஹ்மத்தை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நம்மோடு வேலை செய்தவளாக அறிவீர்கள். வீட்டிலிருந்தே பொருள் செய்து விற்கும் நம் பெண்கள் குழுவில் இருப்பவர்களுக்கு அவள் 'பேனர் அக்கா'. அவளுடைய இரண்டு வாழ்க்கையையும் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான் என்பதால், இதை எழுத வேண்டியவளும் நான்தான் என்று தோன்றியது.

அந்த ஏற்றுமதி ஆடை நிறுவனத்தில் நான் கையெம்பிராய்டரி பிரிவில் இருந்தேன். ரஹ்மத் வெட்டும் பிரிவில் மார்க்கர் போடுபவள். சட்டையின் முன்பக்கம், முதுகு, கை, காலர் என்று எல்லாத் துண்டுகளின் வடிவங்களையும் கம்ப்யூட்டர் திரையில் துணியின் அகலத்துக்குள் நெருக்கி அடுக்குகிற வேலை அது. துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் எவ்வளவு குறைவாக இடம் விழுகிறதோ அவ்வளவு துணி மிச்சமாகும். இரண்டு பிரிவுகளும் வேறு வேறு மாடிகளில் இருந்தன. ஒரு நாள் முன்பின் தெரியாத ஒருத்தி, வெட்டிய துணி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறி வந்து என் எதிரில் நின்றாள். நான் தைத்திருந்த பூவைக் காட்டி, "இந்தப் பூவு தையலுக்குள்ள மாட்டிக்கும்மா. கொஞ்சம் உள்ள தள்ளிக்கோ. அழகா போட்டுகீற, பாதி காணாம பூடும்" என்றாள். அதை என்னிடம் வந்து சொல்ல வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. மேஸ்திரியிடம் சொல்லியிருந்தால் எனக்குத் திட்டு விழுந்திருக்கும், அவளுக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கும். அன்று மதியம் கேண்டீனில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு நாங்கள் தனித்தனியாகச் சாப்பிட்ட நாட்கள் குறைவு.

நிறுவனம் கதவை மூடியபோது எங்களுக்கு நாற்பது தாண்டியிருந்தது. திருமழிசை வரைக்கும் ஒவ்வொரு யூனிட்டாக ஏறி இறங்கினோம். எங்கும் சிறு வயதுப் பெண்களைத்தான் கேட்டார்கள். பட்டுநூல் வளையலும் எம்பிராய்டரி செய்த சின்னப் பைகளும் ஆன்லைனில் விற்கலாம் என்று என் மகள் சொன்னபோது, சரி என்றுதான் தொடங்கினேன். கடையைத் திறக்கும் பக்கத்தில் முகப்புப் படம் போடும் இடம் சாம்பல் நிறத்தில் காலியாகக் கிடந்தது. போனில் ரஹ்மத்திடம் அதைப் பற்றிப் புலம்பினேன்.

மறுநாள் அயனம்பாக்கத்தில் எங்கள் தெருமுனையில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கினாள். மடியில் ஒரு கம்ப்யூட்டர் பெட்டியைப் போர்வையில் சுற்றி, கைக்குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு வந்திருந்தாள். அவள் மகள் ஷபானா படித்து முடித்தபின் வீட்டில் சும்மா கிடந்த கம்ப்யூட்டர் அது. காசில்லாமல் இறக்கிக்கொள்ளக்கூடிய ஒரு வரைகலை மென்பொருளை ஷபானாவிடம் சொல்லி ஏற்கெனவே அதில் போட்டு வைத்திருந்தாள். அவள் கம்பெனியில் பழகியது வேறு மாதிரியான மென்பொருள். இதில் எந்தப் பொத்தான் என்ன செய்யும் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. என் தையல் மேசையில் மெஷினை ஓரமாக நகர்த்திவிட்டு இருவரும் உட்கார்ந்து தட்டித்தடவிக் கற்றோம். போட்ட கோடு எங்கே போயிற்று என்று தேடுவதிலேயே ஒரு முழுப் பகல் போனது. ஒன்றின் மேல் ஒன்றாக லேயர் வைக்கலாம், மேலே இருப்பது கீழே இருப்பதை மறைக்கும் என்று புரிந்த அன்று, இருவரும் டீ போட்டுக் கொண்டாடினோம்.

முதல் பேனரை நான்தான் செய்தேன். என் வளையல்கள் அத்தனையையும் படம் பிடித்து வரிசையாக அடுக்கினேன். ஓரங்களில் பூங்கொடி, நடுவில் 'வாங்க வாங்க', கீழே போன் நம்பர். ரஹ்மத் வந்து பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "இன்னா ஜெஸி, காது குத்து விசேஷத்துக்குக் கட்டற பேனர் மாதிரி பண்ணி வெச்சிகீற" என்றாள். பிறகு ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தாள். எனக்குக் கோபம் வந்தது. ஒவ்வொரு வளையலும் நான் கண் நோகச் சுற்றியது. கம்பெனியில் இடமே விடாமல் அடுக்குவதில் பெயர் வாங்கியவள், என் கடையில் மட்டும் ஏன் எல்லாவற்றையும் காலி செய்கிறாள் என்று கேட்டுவிட்டேன். அவள் மவுஸை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அத்தினி வருசமா இடம் உடாம அடுக்கிகினே இருந்தேன். அங்க துணி அவங்களது. இது நம்ம இடம். கொஞ்சம் காலியா கெடக்கட்டுமே, பாக்குறவங்க மூச்சு உட்டுக்குவாங்க."

அதோடு விடவில்லை. நான் செய்த பேனரை அப்படியே கடையில் ஏற்றி, என் போனை எடுத்துக் காட்டினாள். போன் திரையில் இரண்டு ஓரங்களும் வெட்டுப்பட்டு, அரை வளையலும் பாதிக் கொடியுமாக நின்றது. கம்ப்யூட்டரில் அகலமாகத் தெரிவது போனில் நடுப்பகுதி மட்டும்தான் தெரியும், சொல்ல வேண்டியதை நடுவில் வைத்துவிட்டு ஓரங்களை விட்டுவிட வேண்டும் என்று அன்றுதான் புரிந்தது. நான் ஒரே ஒரு வளையலைத் தேர்ந்தெடுத்தேன். மயில்கழுத்து நிறத்தில் ஒன்று. அதை அவள் வலப்பக்கமாக நடுவை ஒட்டி வைத்தாள்.

அதற்குப் பிறகு எழுத்து படுத்தியது. 'பொன்னிழை' என்று தட்டினால் அந்த மென்பொருள் முதல் எழுத்தையே பிய்த்துப் போட்டது. எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்தோம். "தோ பாரு, கொம்பு ஒரு பக்கம் கீது, காலு ஒரு பக்கம் கீது" என்று ரஹ்மத் சிரித்தாள். சரியான வழி ஒன்று இருந்திருக்கும், அது எங்களுக்குத் தெரியவில்லை. கடைசியில் அவள்தான் சொன்னாள், கம்ப்யூட்டர் எழுத மாட்டேன் என்றால் போகட்டும், உன்னிடம் ஊசி இருக்கிறது என்று. வெள்ளைக் காட்டன் துணியில் அவள் பென்சிலால் எழுத்துகளை வரைந்தாள். அதன் மேல் நான் பொன்னிறப் பட்டுநூலில் சங்கிலித் தையல் போட்டேன். ழகரத்தின் வளைவு அவளுக்குத் திருப்தியாக வரும்வரை என்னைப் பிரித்துப் பிரித்துப் போட வைத்தாள்.

அந்தத் துணியைப் படம் பிடிக்க மொட்டை மாடிக்குப் போனோம். எங்கள் வீட்டுப் பக்கத்து ஏரிக்கு மேல் வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது. நேர் வெயிலில் நூல் பளபளத்து எழுத்து கலங்கியது. மேகம் வரட்டும் என்று அவள் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட வந்த பெண், இரண்டு பொம்பளைகள் வானத்தைப் பார்த்தபடி என்ன செய்கிறார்கள் என்று எட்டி எட்டிப் பார்த்தாள். நாங்கள் இருவரும் ஒரு வேலையும் செய்யாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். கம்பெனியில் மணி அடித்தால் எழுந்துவிட வேண்டும். ரஹ்மத் சுவரில் சாய்ந்தபடி மெதுவாகப் பேசினாள். அவள் போட்ட மார்க்கரில் வெட்டிய சட்டைகளை எந்தெந்த நாட்டிலோ யார் யாரோ போட்டுக்கொண்டு திரிகிறார்கள், ஒன்றிலாவது இது நான் போட்டது என்று காட்ட முடியாது என்றாள். அப்படியென்றால் பேனரின் மூலையில் உன் பெயரைச் சின்னதாகப் போடலாம் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். "பேரு எதுக்கு? நான் பாத்தா எனக்குத் தெரியும்ல."

மேகம் வந்தது. அவள் துணியின் மேல் குனிந்து படமெடுத்தாள். எழுத்தைச் சுற்றியிருந்த துணியை நீக்க, மார்க்கர் போடும் அதே பொறுமையோடு திரையில் புள்ளி புள்ளியாக ஓரம் வெட்டினாள். ஒரு வளையல், தையலில் எழுதிய ஒரு பெயர், மீதியெல்லாம் மோர் நிறத்தில் வெறும் இடம். கடைக்கு முதலில் எழுதிய வாடிக்கையாளர் விலை கேட்கவில்லை. உங்கள் பக்கத்தைத் திறந்ததும் மனசு அமைதியாகிறது என்று எழுதியிருந்தார். ரஹ்மத்திடம் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

அதைப் பார்த்துத்தான் நம் குழுவில் ஒவ்வொருவராக அவளிடம் வந்தீர்கள். அவள் எல்லோரிடமும் கேட்டது ஒன்றுதான்: நீங்கள் செய்வதில் ஒரே ஒரு பொருளைச் சொல்லுங்கள், அதைத்தான் போடுவேன். ஆவடியில் மெழுகுவர்த்தி செய்யும் கலைவாணி, எதை விடுவது என்று தெரியாமல் எங்கள் வீட்டு ஹாலில் எல்லாவற்றையும் பரப்பி வைத்துக்கொண்டு அழுதேவிட்டார். ரஹ்மத் அவசரப்படுத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, எதைச் செய்யும்போது உங்களுக்குக் கை வலிப்பதே தெரியவில்லை என்று கேட்டாள். கலைவாணி தாழம்பூ வடிவத்தில் செய்திருந்ததை எடுத்துக் கொடுத்தார். இன்றும் அவர் கடை முகப்பில் அதுதான் இருக்கிறது.

ஜாஃபர் பாய்க்கு முதுகுத்தண்டில் கோளாறு வந்து ஆட்டோ ஓட்ட முடியாமல் போனது. அந்தச் சமயத்தில் ஓசூரிலிருந்து ஒரு கம்பெனி, அனுபவமுள்ள மார்க்கர் ஆள் வேண்டும் என்று அவளைக் கூப்பிட்டது. அவள் என்னிடம் யோசனை கேட்கவில்லை, நானும் போகாதே என்று சொல்லவில்லை. வருகிற சம்பளத்தை வேண்டாம் என்று சொல்லக்கூடிய நிலையில் நாங்கள் இருவருமே இல்லை. கிளம்புவதற்கு முதல் நாள் வந்து, எதை எங்கே சேமித்து வைத்திருக்கிறாள் என்று எனக்குக் காட்டினாள். கம்ப்யூட்டரை என்னிடமே விட்டாள். "ஷபானாவுக்கு ஒரு கல்யாணத்தப் பண்ணிட்டு வந்துருவேன் ஜெஸி. குத்தம்பாக்கத்துல புது பஸ் ஸ்டாண்டு வரப்போவுதாமே. அங்க எறங்கினா உங்க ஊடு கிட்டத்தான்" என்றாள்.

அதன்பின் அவள் எனக்குப் போனில் மட்டுமே இருந்தாள். நான் பேனர் செய்து அனுப்புவேன். முதலில் அந்த ஒரு வார்த்தை வரும், ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது கூப்பிட்டு விவரமாகச் சொல்வாள். இந்த விளக்கை எடு, நிறம் கத்துகிறது, எழுத்தை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளு. பின்னால் பஸ் இரைச்சலும் கண்டக்டர் குரலும் கேட்கும். பேனர் பேச்சு முடிந்த பிறகும் போனை வைக்க மாட்டோம். ஏரியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, எதிர்வீட்டுப் பெண் இன்னும் எட்டிப் பார்க்கிறாளா என்று கேட்பாள். சில சமயம் அவள் குரலைக் கேட்பதற்காகவே பேனரில் வேண்டாத ஒரு பூவைச் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். அவள் சரியாக அதைத்தான் எடுக்கச் சொல்வாள்.

பூந்தமல்லியில் அவள் மாமியார் வீட்டுக் கூடத்தில் அவளைக் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் ஒவ்வொருவராகப் போய் முகம் பார்த்தார்கள். இத்தனை நாள் வீடியோ காலில், போன் திரையின் சதுரத்துக்குள் பார்த்த முகம் எதிரில் முழுதாக இருந்தது. அதை நேரில் பார்க்க நான் எவ்வளவு ஏங்கியிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. ஆண்கள் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போன பிறகு ஷபானா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஓசூர் கம்பெனியில் அம்மா எல்லோரிடமும் போனில் கடையைத் திறந்து காட்டுவாள் என்றாள். "என்னா சொல்லும் தெரியுமா ஆன்ட்டி? 'இது எங்க கடை, நானும் எங்கூட்டாளியும் வெச்சிருக்கோம், நான் திரும்பிப் போறதுக்கு ஒரு எடம் கீது'ன்னு சொல்லும்." நான் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டேன். அதுவரை வராமலிருந்த அழுகை அப்போது வந்தது.

எங்கள் கடை திறந்திருக்கிறது. வேலையும் நடக்கிறது. அவளிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு பழக்கம். எதை முடித்தாலும் ரஹ்மத் உடனே என் தையல் மேசையிலிருந்து எழுந்து சமையலறை வாசல் வரைக்கும் போவாள். அங்கிருந்து திரும்பி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு மேசையைப் பார்ப்பாள். கிட்டே இருக்கும்போது எல்லாமே நன்றாகத்தான் தெரியும் என்பாள். ஒரு பையைத் தைத்து முடித்தாலும், ஒரு படத்தைச் சேமித்தாலும், இப்போது நானும் எழுந்து அந்த வாசலுக்குப் போகிறேன். திரும்பிப் பார்க்கும்போது, தெரியாமலேயே நிலைப்படியின் ஒரு ஓரமாக, இன்னொருத்தி நிற்கிற அளவு இடம் விட்டு, ஒதுங்கி நிற்கிறேன்.